தாத்தா பெயரிலேயே நிற்கும் லாட்ஜ்: சோலார்கூடப் போட முடியவில்லை, அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது?

டவுன்ஹால்ரோட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். இங்கே ஓட்டல், லாட்ஜ் தொழிலில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எங்கள் லாட்ஜ். கீழே சைவச் சாப்பாடு, மேலே இரண்டு மாடியில் 22 ரூம். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் 1961இல் இடம் வாங்கி, 1964இல் கல்லாவில் உட்கார்ந்தார். 1984இல் அவர் தவறிவிட்டார், 1997இல் அப்பத்தா. உயில் எதுவும் எழுதவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நடத்தினார்கள். சித்தப்பா ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அப்பாவுக்கு இப்போது 76 வயது. நான் 14 வருஷமாகக் கூடவே நிற்கிறேன். அண்ணன் பெங்களூரில் ஐடி வேலை. தங்கை திருச்சியில் இருக்கிறாள். சித்தப்பா மகன் சென்னையில்.

பிரச்சினை கரண்ட் பில்லில் ஆரம்பித்தது. 22 ரூமிலும் கீசர். போன வருஷம் மொட்டை மாடியில் சோலார் போடலாம், துருப்பிடித்த பழைய ஜிஐ பைப்பையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்கலாம் என்று மதிப்பீடு வாங்கி பேங்குக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துவிட்டு, "இது எல்லாம் உங்க தாத்தா பேர்ல இருக்கே தம்பி, நான் யாருக்குக் கடன் கொடுக்கிறது?" என்றார். இபி இணைப்பும் தாத்தா பெயர்தான். இறந்து நாற்பது வருஷமான மனிதர் மாதாமாதம் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவிடம் பேச்சை எடுத்தாலே, "நான் உசுரோட இருக்கும்போதே பங்கு பிரிக்கணுமா?" என்று எழுந்து போய்விடுகிறார். எனக்குப் பங்கு பெரிதில்லை. சித்திரைத் திருவிழாவுக்குப் பரமக்குடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக வருகிறது. அவர்களுக்கு 7ஆம் நம்பர் ரூம்தான் வேண்டும், வேறு ரூம் கொடுத்தால் முகம் வாடிவிடும். அந்தக் குடும்பத்தின் பேரன் வரும்போதும் அந்த ரூம் இருக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அண்ணாநகர்_ஆடிட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. என்னிடம் வரும் ஓட்டல்காரர்களில் பாதிப் பேர் கதை இதேதான். ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: "அப்பாவும் சித்தப்பாவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தாவுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா?

டவுன்ஹால்ரோட்டுக்காரன் எழுதியது:

இரண்டு அத்தைகள். பெரிய அத்தை விருதுநகரில், சின்ன அத்தை இங்கேயே பழங்காநத்தத்தில். இருவருக்கும் பொங்கல் சீர் தவறாமல் போகிறது. அவர்கள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அண்ணாநகர்_ஆடிட்டர் எழுதியது:

கேட்காமல் இருப்பது வேறு, உரிமை இல்லாமல் இருப்பது வேறு. நிறையப் பேர் பெண்களுக்கான சொத்துரிமை 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தில் வந்தது, அல்லது 2005 மத்திய திருத்தத்தில் வந்தது என்று நினைக்கிறார்கள். அவை இரண்டும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து பற்றியவை. உங்கள் தாத்தாவுடையது சுயசம்பாத்தியம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சரிசமம். அன்றைக்கே ஐந்து பங்கு ஆகிவிட்டது. அப்பத்தாவும் உயில் இல்லாமல் போனதால் அவர் பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் இறங்கியது. ஆக உங்கள் அப்பாவுக்கு இருப்பது கால் பங்கு. சித்தப்பாவின் கால் பங்கு அவர் மனைவி, பிள்ளைகளுக்கு. மீதி அரைப் பங்கு அத்தைகளுடையது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இப்படி வந்த கால் பங்கு அவருடைய தனிச் சொத்தாகிறது, உச்ச நீதிமன்றம் 1986இலேயே இதைச் சொல்லிவிட்டது. அப்பா இருக்கும்வரை உங்களுக்கோ அண்ணனுக்கோ தங்கைக்கோ அதில் பிறப்புரிமை கிடையாது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் அந்தக் கால் பங்கு மறுபடி உடையும்.

தொழில் யார் பெயரில் நடக்கிறது? பழைய கூட்டு ஒப்பந்தத்திலா?

டவுன்ஹால்ரோட்டுக்காரன் எழுதியது:

சித்தப்பா தவறியபோது அப்பாவின் தனிப் பெயருக்கு மாற்றினோம். ஜிஎஸ்டி, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு லைசென்ஸ், பேங்க் கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் அப்பா பெயர்.

இந்தப் பங்குக் கணக்கை ராத்திரி முழுக்க யோசித்தேன். 14 வருஷம் கல்லாவில் இருந்திருக்கிறேன், இது தெரியாமலே.

அண்ணாநகர்_ஆடிட்டர் எழுதியது:

அப்போது மாற்றியது சரிதான். இரண்டே பேர் இருக்கும் கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டு அன்றே முடிந்துவிடும். அதற்கு மேற்பட்டவர் இருந்தாலும், ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வைக்காவிட்டால் 1932 கூட்டாண்மைச் சட்டம் 42ஆம் பிரிவின்படி கலைந்துவிடும்.

ஆனால் தனிப் பெயரில் இருப்பது அதைவிட ஆபத்து. ஜிஎஸ்டி நம்பர் பான் கார்டோடு கட்டப்பட்டது. உங்கள் அப்பாவுக்கு ஒன்று என்றால், காரியம் முடிவதற்கு முன்னாலேயே கரண்ட் அக்கவுண்ட் நின்றுவிடும். வாரிசு புதிதாக ஜிஎஸ்டி பதிவு வாங்க வேண்டும், உணவு லைசென்ஸ் மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ். அதுவரை பால்காரருக்கு, மளிகைக்கு, வேலையாட்கள் சம்பளத்துக்கு எங்கே போவீர்கள்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஸ் இந்த இரண்டு மாத இடைவெளியிலேயே ஆள் கலைந்து மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை இதுதான். கட்டடத்தையும் தொழிலையும் பிரித்துவிடுங்கள். கட்டடம் பங்குதாரர்கள் பெயரில் இருக்கட்டும். தொழிலை நடத்த ஒரு எல்எல்பியோ (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) பிரைவேட் லிமிடெட்டோ தொடங்குங்கள். அந்தக் கம்பெனி கட்டடத்துக்கு எழுத்துப்பூர்வமாக வாடகை கொடுக்கட்டும். உழைக்கிற உங்களுக்குச் சம்பளம், சொத்துள்ள எல்லோருக்கும் வாடகை. "அவன்தான் எல்லாத்தையும் அனுபவிக்கிறான்" என்று அங்கேயும், "நான்தானே மாடா உழைக்கிறேன்" என்று இங்கேயும் எழும் பேச்சு இதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேகேநகர்_வாசி எழுதியது:

நான் சொல்வது பிடிக்காமல் போகலாம். விற்றுவிடுங்கள். அந்த இடத்துக்கு இன்று கிடைக்கும் விலையை வட்டிக்குப் போட்டாலே 22 ரூம் வாடகையைவிட அதிகம் வரும். மேலே கட்டலாம் என்றாலும் முடியாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது. ரூம் கூட்ட வழியில்லை, பங்குதாரர் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை கூடுகிறார்கள். ஒரு கேக்கை எத்தனை பேருக்கு வெட்டுவீர்கள்? உங்கள் பிள்ளை இந்தக் கல்லாவில் உட்காரத் தயாரா என்று கேட்டீர்களா?

டவுன்ஹால்ரோட்டுக்காரன் எழுதியது:

பிடிக்காமல் போகவில்லை சார், நியாயமான கேள்வி. அண்ணனும் முதலில் "ஆளுக்கொரு மாடி கட்டிக்கலாம்" என்றுதான் சொன்னான், பிறகுதான் உயரக் கட்டுப்பாடு பற்றித் தெரிந்தது. என் மகள் பத்தாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதுவாள், அவளுக்குப் பிடிக்கிறது. அதை வைத்து அவள் வாழ்க்கையை இப்போதே முடிவு செய்ய எனக்கு மனமில்லை. அவள் வேண்டாம் என்றால் அன்றைக்கு விற்கலாம். ஆனால் அவள் வேண்டும் என்று சொல்லும் நாளில், கொடுக்க முடியாத நிலையில் இது இருக்கக் கூடாது.

சிம்மக்கல்_பெரியவர் எழுதியது:

தம்பி, எனக்கு 68 வயது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு காபி ஓட்டல் இருந்தது. எந்தத் தெரு என்று சொல்ல வேண்டாம். அப்பா போன பிறகு பங்காளிகளுக்குள் வார்த்தை தடித்து, பாகப்பிரிவினை வழக்கு போட்டோம். "போட்டார்கள்" என்று எழுத வந்தேன், திருத்திக்கொண்டேன். நானும் கையெழுத்துப் போட்டவன்தான்.

வழக்கு முடியும்வரை யாரும் நடத்தக் கூடாது என்று பூட்டினோம். பதினோரு வருஷம். தீர்ப்புக்குப் பிறகு கதவைத் திறந்த அன்று நான் இருந்தேன். சுவரில் பூட்டின மாதத்து காலண்டர். பித்தளை பாய்லர் பச்சை பூத்துக் கிடந்தது. அப்பா தினமும் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லும் பாய்லர் அது. கல்லா டிராயரில் கரையான் அரித்த டோக்கன். மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, சுவர் முழுக்க ஊறி, கைவைத்தால் காரை உதிர்ந்தது. எங்களிடம் வேலை பார்த்த எட்டுப் பேரும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குக் கிடைத்தது வெறும் மனைக்கட்டு விலை.

சட்டம் எங்களுக்குச் சரியாகத்தான் பங்கு போட்டது. பங்கு போடும்போது ஓட்டல் என்று ஒன்று அங்கே மிச்சம் இல்லை, அதுதான் விஷயம். உங்கள் அப்பா பேச மறுப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்னால்தான் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் நாங்கள் ஐந்து பேரும் அதற்குக் கட்டுப்பட்டிருப்போம்.

திண்டுக்கல்_அக்கா எழுதியது:

சிம்மக்கல் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் லாட்ஜை ஒன்பது வருஷமாக நான் நடத்துகிறேன். தம்பி இருக்கிறான், அவனுக்கு இதில் நாட்டமில்லை. முதல் இரண்டு வருஷம் ரிசப்ஷனில் என்னைப் பார்த்ததும், "முதலாளி இல்லியாம்மா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை.

அத்தைகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் வழக்கம் என்ன? வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பட்டுப்புடவையோடு போய், "சும்மா ஒரு கையெழுத்துதான்க்கா" என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது. அவர்களும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். என் அத்தை அப்படித்தான் போட்டார். அவருடைய கடைசிக் காலத்தில் மருந்துச் செலவுக்கு மகனிடம் கையேந்தியதை நான் பார்த்தேன். அவர் விட்டுக்கொடுத்த பங்கின் மேல்தான் இன்று என் லாட்ஜ் நிற்கிறது. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

தம்பி, பொங்கல் சீரையும் பங்கையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். சீர் பாசத்துக்காகக் கொடுப்பது. பங்கு அவர்களுடையது. நேராகப் போய், "உங்களுக்குக் கால் பங்கு இருக்கிறது அத்தை, எனக்கே இப்போதுதான் தெரியும்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். வாடகையாக மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்களா, தவணையில் பணமாகவா, அல்லது மனமுவந்து அண்ணன் பிள்ளைக்கே விடுகிறார்களா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அவர்கள் யோசிக்க ஒரு மாதம் கொடுங்கள். பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தண்ணீர்_மேலூர் எழுதியது:

நான் கட்டடங்களுக்குத் தண்ணீர், சூடுதண்ணீர் வேலை பார்ப்பவன். பத்திரம் சரியாக எத்தனை மாதம் ஆனாலும், கடன் வாங்காமலே இன்றைக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) மேலே ஏறும் லைனில் ஒரு மீட்டர், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் ஒரு மீட்டர் போடுங்கள். நம்மூர் லாட்ஜுகளில் போர், மாநகராட்சித் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் விழும். எவ்வளவு செலவாகிறது என்று முதலாளிக்கே தெரியாது, லாரிக்காரர் பில்தான் கணக்கு. ராத்திரி 2 மணிக்கு இறங்கும் மீட்டரைப் பாருங்கள், 4 மணிக்கு மறுபடி பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும். நான் பார்த்த ஒரு லாட்ஜில் இரண்டு மணி நேரத்தில் 600 லிட்டர் ஓடியிருந்தது. மூன்று ஃபிளஷ் டேங்க் வால்வு தேய்ந்திருந்தது, ஒரு பைப் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. வைகை வறண்டு கிடக்கும் கோடையில் லாரிக்குக் கொடுத்த காசு அப்படியே சாக்கடைக்குப் போயிருக்கிறது.

அடுத்தது கீசர். 22 கீசர், ஒன்று 2 கிலோவாட் என்றால் 44 கிலோவாட். எல்லாம் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் ஓடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக வாங்கி வைத்திருக்கும் லோடுக்கு (இபி அனுமதித்த கிலோவாட் அளவு) மாதம் முழுக்க நிலைக்கட்டணம் கட்டுகிறீர்கள். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரோ, காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட் பம்ப்போ போட்டால் யூனிட்டும் குறையும், லோடையும் குறைக்கலாம். ஹீட் பம்ப் அதே சூட்டுக்கு கீசர் இழுப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும். இதற்கு இபி பெயர் மாற்றம் தேவையில்லை, கரண்ட் தயாரிக்கும் சோலாருக்குத்தான் இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழி உங்கள் கட்டடத்திலும் இருக்கும். எங்கே இருக்கிறது என்று அப்பாவைக் கேளுங்கள். நான் போன இடங்களில் பாதிக்கு மேல் மேலே டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கிறார்கள்.

டவுன்ஹால்ரோட்டுக்காரன் எழுதியது:

இரண்டு மீட்டரும் வாங்கிப் போட்டாயிற்று. 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். 340 லிட்டர். 14, 19 ரூம்களில் ஃபிளஷ். மாற்றிவிட்டோம், இப்போது 40க்குள் நிற்கிறது. மழைநீர்க் குழி பற்றி அப்பாவிடம் கேட்டேன். பங்குப் பேச்சுக்கு எழுந்து போகிறவர், இதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கையால் காட்டினார். பழைய கிரைண்டர் மேடைக்கு அடியில். அங்கே குழி இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

மாஸ்டர்_மகன் எழுதியது:

எல்லோரும் முதலாளி வாரிசு பற்றியே பேசுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் சரக்கு மாஸ்டருக்கு வாரிசு யார் என்று யாராவது யோசித்தீர்களா?

என் அப்பா வடக்குமாசி வீதிப் பக்கம் ஓர் ஓட்டலில் 31 வருஷம் சரக்கு மாஸ்டர். அந்தக் கடை சாம்பார் எப்படி இருக்கும் என்பது அவர் கையில்தான் இருந்தது. துவரம்பருப்போடு ஒரு பிடி பாசிப்பருப்பு, புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம், கொத்தமல்லி வறுக்கும்போது எந்த நிறத்தில் இறக்க வேண்டும், எதுவும் எழுதி வைத்ததில்லை. முதலாளி மகன் பொறுப்புக்கு வந்தார். நல்ல மனிதர், கடையைப் பளபளவென்று மாற்றினார். ஆனால் முட்டிவலியோடு நின்றுகொண்டிருந்த அப்பாவிடம், "உங்களுக்குப் பிறகு யாரைப் பழக்கலாம்?" என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அப்பா வேலையை விட்டு நின்ற மாதமே வாடிக்கை குறைந்தது.

உங்கள் மாஸ்டருக்கு இப்போதே ஓர் ஆளைக் கூட நிறுத்துங்கள். வடக்கே இருந்து வந்த பையனாக இருந்தாலும் சரி, கை பழகினால் நம்ம சாம்பார்தான் வரும். மாஸ்டருக்குப் பிஎஃப், கிராஜுவிட்டி பணத்தை ஒதுக்கி வையுங்கள். ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. 30 வருஷத்து ஆளுக்கு அது ஒரே நாளில் புரட்ட முடியாத தொகை. முதலாளி கைமாறும்போது இந்தக் கடன்தான் முதலில் மறந்துபோகும்.

அப்புறம் எண்ணெய். வடை, பஜ்ஜி போட்ட எண்ணெயையே ஊற்றி ஊற்றிக் காய்ச்சுவதை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. பயோடீசலுக்குப் பழைய எண்ணெயைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். சாக்கடையில் ஊற்றி அடைப்பெடுக்கும் செலவும் மிச்சம்.

திருமங்கலத்தான் எழுதியது:

மாஸ்டர் மகன் சொன்னதோடு சேர்த்து ஒன்று. எங்கள் பக்கத்து வடக்கம்பட்டியை எல்லோருக்கும் தெரியும். முனியாண்டி விலாஸ் பிறந்த ஊர். அந்தப் பெயர் ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லை. ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, இலை போட்டு, அடுப்படிக்குப் போய், கல்லா வரை பழகினவன் வேறொரு ஊரில் அதே பெயரில் கடை போடுவான், பழைய முதலாளியே முன்நின்று தொடங்கி வைப்பார். வருஷத்துக்கு ஒருமுறை எங்கெங்கோ இருக்கிற கடைக்காரர்கள் எல்லாம் ஊருக்கு வந்து, முனியாண்டி சாமிக்குப் படைத்து, ஊருக்கே பிரியாணி பிரசாதம் போடுவார்கள். தொழில் பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, அதனால்தான் பெயர் இத்தனை வருஷம் நிற்கிறது.

உங்கள் மகள் வராவிட்டாலும், உங்களிடம் பத்து வருஷமாக இருக்கும் மேனேஜர் பையன் ஒருவன் இருப்பானே?

அண்ணாநகர்_ஆடிட்டர் எழுதியது:

திருமங்கலத்தார் சொன்னது உலகத்தின் மறுகோடியிலும் நடந்திருக்கிறது. ஜப்பானில் கெய்யுன்கான் என்று வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் ஒரு விடுதி. கி.பி. 705இல் தொடங்கியது, உலகத்தின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸில் இருக்கிறது. 52 தலைமுறை. அந்தக் குடும்பத்தில் எடுத்து நடத்த ஆளில்லாமல் போனபோது, பல காலம் அங்கேயே வேலை பார்த்தவர் பொறுப்பை ஏற்றார்.

நம் ஊரிலேயே பார்க்கலாம். 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குடும்பம் 2020 டிசம்பரில் ஒரு குடும்ப ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டு, 2022இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனியை எந்தக் கிளை நடத்தி வந்ததோ அது அந்தக் கிளைக்கு. அவ்வளவு பெரிய தொழிலையே பேசிப் பிரிக்க முடியும் என்றால் 22 ரூமுக்கும் முடியும். நம்பிக்கையோடு பேசுங்கள்.

கேகேநகர்_வாசி எழுதியது:

குத்தகைக்கு விட்டால் என்ன? நிறையப் பேர் செய்கிறார்கள். ரூம் நடத்தும் தலைவலி அவர்களுக்கு, வாடகை உங்களுக்கு.

திண்டுக்கல்_அக்கா எழுதியது:

என் பெரியப்பா அப்படித்தான் விட்டார். எடுத்தவர் மூன்று வருஷம் நடத்தினார். போர் மோட்டார் எரிந்தபோது மாற்றவில்லை, லிஃப்ட் பராமரிப்பு நிறுத்தினார், கடைசியில் கரண்ட் பில் பாக்கியோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டடத்துக்குக் குத்தகைக்காரர் ஏன் பைப் மாற்றப் போகிறார்? கொடுப்பதானால் பராமரிப்பு யார் பொறுப்பு, எந்தச் சாமான் எந்த நிலையில் ஒப்படைக்கப்படுகிறது என்று போட்டோவோடு பட்டியல் போட்டுப் பதிவு செய்யுங்கள். நான் கொடுக்க மாட்டேன்.

சிம்மக்கல்_பெரியவர் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா மழைநீர்க் குழியைக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் வழி இருக்கிறது. பங்கு என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு போய், "அப்பா, இந்தக் கட்டடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று உட்காருங்கள். எந்தச் சுவருக்குள் எந்தப் பைப், எந்த வாடிக்கையாளருக்கு என்ன பழக்கம், யாரிடம் கடன் சொல்லி வாங்கலாம். சொல்லச் சொல்ல, தானே அடுத்த பேச்சுக்கு வருவார்.

டவுன்ஹால்ரோட்டுக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போன ஞாயிறு நானும் அப்பாவும் பழங்காநத்தம் போனோம். வெறுங்கையோடு போகவில்லை, அத்தைக்குப் பிடித்த மல்லிகைப் பூ வாங்கிப் போனோம். பத்திரம் எதையும் எடுத்துப் போகவில்லை. "உங்களுக்குக் கால் பங்கு இருக்கு அத்தே" என்று நான் சொன்னதும் அத்தை அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, எனக்கும் தெரியாமப் போச்சு" என்றார். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாடகையா கொடுங்க. மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வரணும். பேத்தி காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்" என்றார். பெரிய அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சித்தியும் சித்தப்பா மகனும் கம்பெனியில் பங்கு வேண்டும் என்கிறார்கள். அண்ணனும் தங்கையும் ஆடிட்டரோடு வீடியோவில் பேசினார்கள். தொழிலுக்கு எல்எல்பி தொடங்கப் பெயர் கொடுத்துவிட்டோம். அப்பா உயில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டு சாட்சிகளையும் அவரே சொல்லிவிட்டார்.

எங்கள் மாஸ்டரிடமும் பேசினேன். கொல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவனை அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். "அவன் கைக்கு உப்பு தெரியுது" என்றார்.

நோட்டு 43ஆம் பக்கத்தில் நிற்கிறது. ராத்திரி கல்லா கட்டிய பிறகு அப்பா சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள், என் கையெழுத்து புரியவில்லையாம். முதல் பக்கத்தில் முதல் வரி இது: "மேல் தொட்டி வால்வை இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். வலப்பக்கம் திருப்பினால் உடைந்துவிடும். 1972இல் பிளம்பர் தப்பாக மாட்டியது."

தண்ணீர் மேலூர் அண்ணே, அந்த வால்வை இப்போது மாற்றலாமா, அல்லது பைப் வேலை ஆரம்பிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாமா?

தண்ணீர்_மேலூர் எழுதியது:

இப்போதே மாற்றுங்கள். வியாழக்கிழமை மதியம் ரூம் காலியாகும் நேரத்தில் வருகிறேன், அப்பாவையும் மாடிக்கு வரச் சொல்லுங்கள்.